கணப்பருகே அம்மாவுக்கும் ஓர் இடம்

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது பழமொழி. இதைச் சொன்ன பெரியவர் சமவெளியில் வாழ்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். ஏனெனில் எங்கள் நீலகிரியில் பனி தை மாதம்வரை காத்திருப்பதில்லை. கார்த்திகையிலேயே வந்து கதவைத் தட்டிவிடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் 46 கிலோமீட்டர் ஏறி வந்தால் உதகமண்டலம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்று புவியியல் பாடத்தில் படிக்கிறோம். படிக்காவிட்டாலும் எங்கள் விரல் நுனிகள் அதைச் சொல்லிவிடும். பள்ளமான புல்வெளிகளில் விடியற்காலையில் உப்பைக் கொட்டினாற்போல உறைபனி வெளுத்துக் கிடக்கும். தேங்காய் எண்ணெய் புட்டியில் கல்லாகிவிடும். பள்ளிக்கு வரும் வழியில் எங்கள் வாயிலிருந்து புகை வரும்.

இப்படிப்பட்ட ஊரில் வாழ்கிற எங்களுக்குச் சென்ற டிசம்பரில் தமிழாசிரியை கொடுத்த கட்டுரைத் தலைப்பு, "குளிர்கால மாலையில் எங்கள் வீடு." எங்களுக்கா எழுதத் தெரியாது? கணப்பைச் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்வது, சுக்கு மல்லிக் காப்பியின் மணம், போர்வைக்குள் பாட்டி சொல்லும் கதை, சுட்ட சோளக்கதிர் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினோம்.

எங்களில் ஒருத்தி தன் கட்டுரையை வீட்டில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். அம்மா அப்போது பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கே கண்ணு. எல்லாரும் கணப்பைச் சுத்தி உட்கார்ந்திருக்கீங்க. நான் எங்கே?" என்றாராம். அவர் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவள் மறுநாள் அதை வகுப்பில் சொன்னபோது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அவரவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். விரல்விட்டு எண்ணக்கூடிய சில கட்டுரைகளில்தான் அம்மா கணப்பருகே உட்கார்ந்திருந்தார். மற்றவற்றில் காப்பி கொண்டுவந்தார், வெந்நீர் விளாவினார், போர்வை எடுத்துப் போட்டார். பிறகு கட்டுரையிலிருந்தே போய்விட்டார்.

அந்த ஒரு கேள்வியே இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியது. நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான்: குளிர்காலத்தில் வீடு தானாகக் கதகதப்பாவதில்லை. யாரோ ஒருவர் அதைக் கதகதப்பாக்குகிறார். அந்த ஒருவர் எப்போதும் அம்மாவாகவே இருந்தால், அந்த வீட்டில் ஒருவர் மட்டும் குளிரிலேயே இருக்கிறார் என்று பொருள். ஆகவே கதகதப்பை உண்டாக்கும் வேலைகளை வீட்டிலுள்ள அனைவரும், ஆண் பெண் வேறுபாடின்றி, பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

"அப்படி என்ன பெரிய வேலை?" என்று கேட்கலாம். ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழுந்து, ஐஸ் போன்ற தண்ணீரில் முதலில் கை வைப்பவர் அம்மா. குளிக்க வெந்நீர் வேண்டும். பாய்லரில் தீ மூட்ட வேண்டும். சமையலோ சமவெளியைவிட நேரம் பிடிக்கும். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் உதகையில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குமிழி விட்டுக் கொதிப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதில் அவ்வளவு சூடு இல்லை. பிரஷர் குக்கர் இல்லையென்றால் பருப்பு வேகவே வேகாது. இட்லி மாவு புளிக்க மறுக்கும். பால் உறைய மறுக்கும். துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரம் காயாது. இத்தனைக்கும் நடுவில் சில அம்மாக்கள் எட்டு மணிக்குள் கொழுந்து பறிக்கத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட வேண்டும். அவர்கள் கைகளில் மார்கழி முழுவதும் வெடிப்பு ஆறுவதேயில்லை. நாங்கள் அதைப் பார்த்திருக்கிறோம், ஆனால் கவனித்ததில்லை.

பங்கிட்டுக்கொள்வது என்று வாயால் சொன்னால் போதுமா? எதைச் செய்வது என்று தெரிய வேண்டாமா? மனையியல் வகுப்பில் கற்றவற்றையும், வீட்டில் பாட்டிமார்களிடம் கேட்டவற்றையும் சேர்த்து, இந்தக் குளிர்காலத்தில் நாங்கள் செய்து பார்த்த சில எளிய வேலைகளை இங்கே தருகிறோம். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை.

முதலாவது, கதவுக்கு ஒரு துணிப் பை. குளிர்காற்று பெரும்பாலும் கதவின் அடியிலுள்ள இடுக்கு வழியாகத்தான் வருகிறது. அண்ணனின் பழைய பேண்ட் ஒன்றின் காலை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, உள்ளே மரத்தூளையோ மணலையோ நிரப்பி, மறுமுனையையும் தைத்துவிட்டால் முடிந்தது. இரவில் கதவடியில் இதைக் கிடத்திவிடலாம். வேலை அரை மணி நேரம்தான். இதை எங்களில் ஒருத்தியின் தம்பி, ஆறாம் வகுப்பு படிப்பவன், தானே தைத்தான். தையல் கோணல்தான், ஆனால் கோணல் தையலுக்குள்ளும் காற்று நுழையவில்லை!

இரண்டாவது, பழைய புடவைப் போர்வை. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்றார்கள் பெரியவர்கள். கட்ட முடியாத கந்தையைப் போர்த்திக்கொள்ளலாம் என்று நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம். ஐந்தரை மீட்டர் நூல் புடவையை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளம் வரும். இப்படி இரண்டு புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஆறு அடுக்கு. ஓரங்களை மடித்து, இரண்டு விரற்கடைக்கு ஒரு வரிசையாக ஓட்டுத் தையல் போட வேண்டும். ஒருவருக்குப் போதுமான போர்வை ஆயிற்று. கம்பளி இல்லாமல் இது எப்படிச் சூடு தரும்? உண்மையில் எந்தப் போர்வையும் சூடு தருவதில்லை. நம் உடம்பின் சூட்டை வெளியே போகவிடாமல் காப்பதுதான் அதன் வேலை. அடுக்குகளுக்கு நடுவே சிக்கிக்கொண்ட காற்று அந்த வேலையைச் செய்கிறது. தடித்த சட்டை ஒன்றைவிட மெல்லிய சட்டை இரண்டு மேல் என்பதும் இதனால்தான். மாலையில் வானொலி கேட்டுக்கொண்டோ, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டோ எல்லாரும் ஆளுக்கு நான்கு வரிசை தைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும்.

மூன்றாவது, சூடு காக்கும் பெட்டி. ஒரு கள்ளிப்பெட்டியின் அடியிலும் பக்கங்களிலும் வைக்கோலையோ காய்ந்த புல்லையோ நன்றாக அழுத்தி நிரப்பி, நடுவில் பாத்திரம் உட்காரும் அளவுக்குக் குழி விட வேண்டும். மேலே மூட ஒரு தலையணை. சோற்றுப் பானையை இறுக மூடி ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, கொதி அடங்குமுன் பெட்டிக்குள் வைத்துத் தலையணையால் மூடிவிட்டால், ஒரு மணி நேரத்துக்குள் அரிசி தன் சூட்டிலேயே வெந்துவிடுகிறது. அடுப்பருகே யாரும் காத்து நிற்க வேண்டியதில்லை. விறகும் வாயுவும் மிச்சம். உலகப் போர்க் காலத்தில் எரிபொருள் பஞ்சம் வந்தபோது ஐரோப்பிய நாடுகளின் இல்லத்தரசிகள் பலர் இத்தகைய வைக்கோல் பெட்டியைக் கையாண்டார்கள். இரவில் அதே பெட்டியில், வெதுவெதுப்பான பாலில் சற்றுக் கூடுதலாக உறை ஊற்றி வைத்தால் காலையில் கெட்டித் தயிர். இட்லி மாவும் அப்படியே.

நான்காவது, பழைய ஸ்வெட்டருக்குப் புதுப் பிறவி. சிறியதாகிவிட்ட ஸ்வெட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். தையலைப் பிரித்து, நூலை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, வெதுவெதுப்பான நீரில் அலசி, அடியில் சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டால் நெளிவு போய் நூல் நேராகிவிடும். கொதிநீரில் மட்டும் போடக் கூடாது; கம்பளி சுருங்கிவிடும். அந்த நூலில் காலுறையோ, காது மூடும் குல்லாயோ பின்னலாம். பின்னல் ஊசியைப் பெண்கள்தான் பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஐந்தாவது, வெயிலைச் சேமித்தல். பகல் பதினொரு மணிக்கு மேல் வெயில் நன்றாக அடிக்கும். அப்போது சன்னல்களைத் திறந்து, மெத்தை, தலையணை, போர்வைகளை வெயிலில் போட வேண்டும். மூன்றரை மணிக்கு எடுத்து மடித்து, வெயில் சாயுமுன் சன்னல்களை மூடித் திரையை இழுத்துவிட வேண்டும். மறந்து நாலரைக்கு எடுத்தால் பனி ஏறிய மெத்தையில்தான் தூங்க வேண்டும். விடுமுறை நாட்களில் இது முழுக்கப் பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. கதவு சன்னல்களின் இடுக்குகளை அடைத்த அறைக்குள் கரி அடுப்பையோ கங்குச் சட்டியையோ ஒருபோதும் வைக்கலாகாது. எங்களில் ஒருத்தியின் வீட்டில் சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறோம். நல்ல குளிர். குமுட்டி அடுப்பில் கரியை மூட்டிப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சற்று நேரத்தில் அவளுக்குத் தலைவலி, தம்பிக்குக் குமட்டல். சாப்பாடு சேரவில்லை என்று நினைத்துப் படுத்துவிட்டார்கள். நல்ல வேளையாகப் பாட்டி எழுந்து சன்னலைத் திறந்தார். அடுப்பையும் வெளியே எடுத்து வைக்கச் சொன்னார். பாட்டி தூங்கியிருந்தால் இன்று அவள் எங்களோடு இல்லை.

கரி அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக அது ஒட்டிக்கொள்கிறது. உடம்புக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. தூக்கம் வருவதுபோல் இருக்கும், எழுந்திருக்க முடியாது. மலை ஊர்களில் இவ்வாறு இரவோடிரவாக உயிர் போன செய்திகளைச் செய்தித்தாள்களில் எத்தனை முறை படித்துவிட்டோம்! ஆகவே கணப்பு என்பது புகைபோக்கியுள்ள இடத்திலோ, திறந்த வாசலிலோ இருக்கட்டும். குளிர்காய்ந்து முடித்ததும் கங்கை வெளியே கொண்டுபோய் அணைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். படுக்கைக்கு ஒரு வெந்நீர்ப் பை போதும். அதைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு பத்தியை மட்டுமாவது பெற்றோர்கள் வீட்டில் உரக்கப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் கருத்துக்கு இரண்டு பக்கமிருந்தும் மறுப்பு வரும் என்பதை அறிவோம். "இந்தக் காலத்தில் இதெல்லாம் எதற்கு? ஒரு ஹீட்டர் வாங்கினால் போயிற்று" என்பார் ஒருவர். வாங்க முடிந்தவர் வாங்கட்டும்; நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் மின்சாரம். இரவுக்கு நான்கு மணி நேரம் என்றால் மாதத்துக்கு 120 யூனிட். எல்லா வீட்டுக்கும் இது கட்டுபடியாகாது. மேலும் ஹீட்டர் அறையைத்தான் சூடாக்கும். பின்கட்டில் ஐஸ் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிற கைகளை அது சூடாக்குமா?

"வீட்டு வேலை பெண்பிள்ளைகள் கற்க வேண்டியது, பையன்களுக்கு எதற்கு?" என்பார் இன்னொருவர். அவருக்கு நாங்கள் பணிவோடு ஒன்று கேட்கிறோம்: குளிர் ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறாகவா அடிக்கிறது? போர்வையின் சுகத்தைப் பையனும் அனுபவிக்கும்போது, அதை வெயிலில் போட்டெடுக்கும் வேலை மட்டும் ஏன் அவனுக்கு ஆகாது? நாளை அவன் படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போய்த் தனியாக இருக்க நேரிடும்போது, ஒரு பொத்தான் தைக்கவும் வெந்நீர் போடவும் தெரியாதவனாகப் போய் நிற்பது அவனுக்குத்தான் நல்லதா?

நாங்களும் குற்றமற்றவர்கள் அல்லர். "எனக்குப் பரீட்சை" என்ற ஒரு சொல்லால் எத்தனை வேலைகளிலிருந்து நழுவியிருக்கிறோம்! மனையியல் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் பின்னிய குல்லாயைக் கண்காட்சியில் வைத்தோம். வீட்டில் அம்மா முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டுதான் வாசல் தெளித்தார். அந்தக் குல்லாயை அம்மாவின் தலையில் வைக்க வேண்டுமென்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

மலையில் வாழக் கற்றவர்கள் எங்களுக்கு முன்பே இங்கு இருந்திருக்கிறார்கள். தோடர்களின் பழைய பாணி வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு, பாதியாக அறுத்த பீப்பாயைக் கவிழ்த்ததுபோலக் கட்டியிருப்பார்கள். வாசலோ மிகச் சிறியது. ஏறத்தாழ மூன்றடி உயரந்தான். தவழ்ந்துதான் நுழைய வேண்டும். குளிர்காற்றும் காட்டு விலங்கும் எளிதில் உள்ளே வராமலிருக்க அந்த ஏற்பாடு. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூலால், கோலம் எதுவும் வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணியே தோடப் பெண்கள் பூவேலை செய்கிறார்கள். 2013-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் செய்த போர்வைக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

போர்வை என்றதும் தமிழ்ப் பாடத்தில் படித்த வள்ளல் பேகன் நினைவுக்கு வருகிறான். கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மலையில் அகவிய மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தவன். இவ்வளவுதான் நாங்கள் அறிந்திருந்தோம். ஆசிரியை இன்னொரு செய்தியும் சொன்னார். அதே பேகன் தன் மனைவி கண்ணகியை மறந்து பிரிந்திருந்தான். அவள் வீட்டில் கண்ணீரோடு இருந்தாள். கபிலர், பரணர் முதலிய புலவர்கள் பரிசில் கேட்பதை விட்டு, "முதலில் உன் வீட்டுக்குப் போ" என்னும் கருத்துப்பட அவளுக்காகப் பாடினார்கள். அப்பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு மனைவியின் துயர் தெரியவில்லை. அவனைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமை ஏது? கிறிஸ்துமஸ் காலத்தில் ஏழைகளுக்குக் கம்பளி திரட்ட ஆர்வத்தோடு கிளம்புகிறோம். அது நல்ல செயல். விடாமல் செய்ய வேண்டும். ஆனால் அந்தக் கம்பளி மூட்டையைக் கட்டிய மாலையில் வீட்டுக்குப் போய், "அம்மா, காப்பி" என்று குரல் கொடுத்துவிட்டுக் கணப்பருகே உட்கார்ந்தவர்களும் நாங்களே அன்றோ!

ஆகவே எங்கள் வகுப்பு மாணவியர் இந்தக் குளிர்காலத்துக்கு மூன்று முடிவுகள் செய்திருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாளாவது அம்மாவுக்கு முன் எழுந்து பாய்லரை மூட்டுவோம். இரவுப் பாத்திரங்களை வெந்நீர் கலந்து நாங்களும், அண்ணன் தம்பிகளும் முறை வைத்துத் தேய்ப்போம். மாலை ஏழு முதல் ஏழரை வரை, என்ன வேலை இருந்தாலும், அம்மாவை எழுந்திருக்க விடுவதில்லை.

மூன்றாவது முடிவுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருக்கிறது. அம்மாவின் கேள்வியால் இக்கட்டுரைக்குக் காரணமான எங்கள் தோழி முதல் நாள் அம்மாவைக் கணப்பருகே மணை போட்டு உட்காரவைத்தாள். ஐந்து நிமிடத்தில் அவர் எழுந்துவிட்டார். "எங்கேம்மா?" என்றால், "அடுப்பில் பால் இருக்கு" என்றார். அப்பா, "நீ உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுந்து போனார். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. துடைத்ததும் அப்பாவே. பொங்கியது போக மிஞ்சிய பாலில் போட்ட காப்பியை அம்மா அன்று முதன்முறையாகச் சூடாகக் குடித்தாராம்.

பெற்றோர்களே, இதைப் படிக்கும் அப்பாக்களே, அண்ணன்களே! உங்கள் வீட்டிலும் இன்று மாலை ஒரு மணையைக் கூடுதலாகப் போட்டுப் பாருங்கள். பால் வழிந்தால் வழியட்டும்.

— பதினோராம் வகுப்பு மாணவியர்